முகூர்த்தம் தாங்குமா தளத்தை?

நமது நண்பரொருவர் தமது பழைய வீட்டைப் புதுப்பித்து வருகிறார். ஆடியில் துவக்கக்கூடாதென்று ஒரு மாதம் வீணாயிற்று. பிறகு வாரந்தோறும் நாம் போய்ப் பார்த்ததில், வேலையானது கொத்தனார் கையிலில்லை, பஞ்சாங்கத்தின் கையிலேயே இருக்கின்றதென்று தெரிந்தது. அஷ்டமி, நவமி, கரிநாளென்றால் வேலை நிறுத்தம். அன்று கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியில்லை. வாஸ்துக்காரருக்கு மாத்திரம் எந்நாளும் தக்ஷணை உண்டு!

சமையலறையை அக்கினி மூலைக்குக் கொண்டுபோக நடுச்சுவரை இடிக்கச் சொன்னார் அவர். கூரையைத் தாங்கும் 9 அங்குலச் சுவர் அது. மேஸ்திரி சண்டையிட்ட பின்பே அங்கு உத்திரம் வந்தது. எந்த மூலையில் வைத்தாலும் எரிவது அதே காஸ்தானே என்று கேட்டோம், பதிலில்லை.

நிற்க, இப்பொழுது 18 அடி அகலக் கூடத்துக்குத் தளம் போட்டாயிற்று. சுமார் 15 அடிக்கு மேற்பட்ட தளத்துக்குச் சாதாரணமாக 14 நாளாவது முட்டு நிற்கவேண்டுமென்கிறது 2000-ம் ஆண்டின் இந்தியத் தரவிதி. காங்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதோ 28-வது நாளில். வாஸ்துக்காரரோ, 9-வது நாள் முகூர்த்தத்தில் முட்டுகளைப் பிரித்துப் பால் காய்ச்சியாக வேண்டுமென்கிறார். சிமெண்டுக்கு நட்சத்திரம் தெரியுமா? தளம் இறங்கினால் அதனடியில் நிற்பவர் யார்? தக்ஷணை வாங்கினவரா, முட்டுப் பிரிக்கும் கூலிக்காரனா? அந்தக் கூலிக்காரனைத்தான் கிரகப்பிரவேசத்தன்று வாசலிலேயே நிறுத்தி, வேட்டி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்!

மேஸ்திரி பிரிக்க மறுத்துவிட்டார். நண்பர் வேறு மேஸ்திரி தேடுவதாகக் கேள்வி. முகூர்த்தத்துக்கு இன்னும் 3 நாள் இருக்கிறது.