செவிக்கு எது தகும்?



உணவுக்கூடத்திலோ நூலகப் படிக்கட்டிலோ நம்மவர் நால்வர் கூடினால் இன்று தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "என்ன ஹெட்போன் வாங்கலாம்?" என்பதே அது. விளையாட்டுக்கும் வேண்டும், பாட்டுக்கும் வேண்டும். கையடக்கக் கருவிக்கும் பொருந்த வேண்டும், கையிலிருக்கும் பணத்துக்கும் பொருந்த வேண்டும். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு விடை தேடுவோர் விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலுமே தேடுகின்றனர். தேட வேண்டிய இடம் அதுவன்று. நாம் இருக்கும் அறை எத்தகையது, கையிலுள்ள கருவி எத்தகையது, எல்லாவற்றுக்கும் மேலாக நம் செவி எவ்வளவு தாங்கும் என்பவற்றை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியில் வாழும் மாணவர்க்கு, விளையாட்டுக்கும் இசைக்கும் ஒருசேர உதவக்கூடியது, காதுக்கு நன்றாகப் பொருந்தி வெளியோசையைத் தடுக்கும் எளிய, கம்பியுள்ள ஹெட்போனே. கம்பியில்லாதது நாகரிகம், கம்பியுள்ளது பழமை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் காரணங்களைக் கேட்டபின் முடிவு செய்யட்டும்.

முதற் காரணம் காலதாமதம். புளூடூத் வழியே செல்லும் ஒலி, கருவியை விட்டுப் புறப்பட்டவுடன் காதுக்கு வந்துவிடுவதில்லை. முதலில் அது சுருக்கப்படுகிறது. பின் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. ஹெட்போனில் சிறிது நேரம் சேமித்து வைக்கப்படுகிறது. அதன்பின்னரே விரிக்கப்பட்டு ஒலியாகிறது. பொதுவாக வழங்கும் முறையில் இதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காலம் பிடிக்கும். பாட்டுக் கேட்பவனுக்கு இதனால் நட்டமில்லை. பாட்டு கண்சிமிட்டும் நேரம் பிந்தித் தொடங்கினால் யாருக்கு என்ன? திரைப்படம் பார்ப்பவனுக்கும் இடரில்லை. கருவி படத்தையும் அதே அளவு தாமதித்து, உதட்டசைவையும் ஒலியையும் சேர்த்துவிடும். ஆனால் விளையாட்டில் அந்த உத்தி செல்லாது. அடுத்த கணம் உம் விரல் எந்தப் பொத்தானை அழுத்தும் என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? நொடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஐந்தில் ஒரு நொடி என்பது 12 படங்கள். தாவிய வீரன் தரையில் கால் வைத்த பிறகு தாவிய ஓசை கேட்கும். தாமதத்தைக் குறைக்கும் புதிய முறைகள் வந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அனுப்பும் கருவி, ஏற்கும் ஹெட்போன் ஆகிய இரண்டுக்கும் அந்த முறை தெரிந்திருந்தால்தான் பயன்.

இன்னொன்றும் உண்டு. நண்பரோடு பேசிக்கொண்டே விளையாட விரும்பி ஹெட்போனின் மைக்கைத் திறந்தால், பழைய வகைப் புளூடூத்தில் இசைக்குரிய தரம் மறைந்து, தொலைபேசிக் குரல் போன்ற ஒற்றை ஒலி மட்டுமே மிஞ்சும். வலம் இடம் என்னும் வேறுபாடும் அப்போது போய்விடும்.

கருவிகளைச் செய்தவர்களின் போக்கும் இதற்குச் சான்று பகரும். 2017 மார்ச்சில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச், புளூடூத் ஹெட்போனை ஏற்கத் தொடங்கியது 2021 செப்டம்பரில்தான். அப்போதும் அந்த ஹெட்போனின் மைக்கை அது ஏற்கவில்லை. 2023 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலில் புளூடூத் ஹெட்போனுக்கு இடமே வைக்கப்படவில்லை. ஆனால் இவ்விரண்டிலும், 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கிலும், 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-லும் 3.5 மில்லிமீட்டர்த் துளை தவறாமல் இருக்கிறது. 1979 ஜூலையில் வெளிவந்த சோனி வாக்மனில் இருந்த அதே அளவுத் துளைதான் அது. அந்த முதல் வாக்மனில், இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு துளைகள் வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலேயே விளையாடுபவர், துளை இல்லாவிட்டால், சிறு இணைப்பி ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் ஒலியின் நேர்மை. "7.1", "சூழொலி" என்றெல்லாம் பெட்டியின் மேல் பெரிய எழுத்துகளில் அச்சிட்டு விற்கிறார்கள். நமக்கு இருப்பவை இரண்டே காதுகள். வலப்புறத்தில் எழும் ஓசை வலக்காதுக்கு முந்தியும் இடக்காதுக்குப் பிந்தியும் வந்து சேர்கிறது; அந்த இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நுண்ணிய வேறுபாட்டையும், ஓசையின் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையை அறிகிறது என்பதை 1907-லேயே ராலே பிரபு விளக்கினார். ஆகவே, பகைவன் காலடி எப்பக்கம் கேட்கிறது என்று அறிய, நேர்மையான இரண்டு ஒலிவழிகளே போதும். பெட்டியின் மேலுள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இசைக்கு வருவோம். இன்று மலிவாக விற்கும் ஹெட்போன்கள் பலவற்றில் கீழ்த்தாய் ஒலியை வேண்டுமென்றே பெருக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்டால் அது கம்பீரமாகத் தோன்றும். நம் இசையைக் கேட்டால் குறை வெளிப்படும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தோல் கருவிகளின் ஓசைக்கு ஒழுங்கான சுருதி அமைவதில்லை. நம் மிருதங்கமோ, நடுவே அப்பும் கரணையின் கனத்தால், தந்தி வாத்தியம் போலச் சுருதியோடு பேசுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் இந்த வியப்பை ஆராய்ந்து, சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அத்தகைய நுட்பமான நாதத்தைக் கீழொலி பெருக்கிய ஹெட்போனில் கேட்டால் என்ன ஆகும்? தொப்பியின் கும்கி மேலெழுந்து வலந்தலையின் நாதத்தை விழுங்கிவிடும். தம்புராவின் சுருதி சேற்றில் புதைந்ததுபோல் மங்கும். ஆகவே ஹெட்போனைச் சோதிக்க விரும்புவோர், கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்க வேண்டாம். நன்கு பழகிய ஒரு கச்சேரிப் பதிவையோ, இளையராஜாவின் பாடல் ஒன்றையோ போட்டுக் கேளுங்கள். குரலுக்குக் கீழே தன் போக்கில் நடக்கும் பாஸ் கிட்டாரைப் பின்தொடர முடிகிறதா, அதே நேரத்தில் குரலின் மூச்சும் தெளிவாய் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனியே கேட்டால் அந்த ஹெட்போன் விளையாட்டுக்கும் போதும். பாஸ் கிட்டாரைப் பிரித்துக் காட்டுவது காலடி ஓசையையும் பிரித்துக் காட்டும்.

இனி வடிவம். பின்புறம் திறந்த ஹெட்போன்கள் உண்டு. ஒலி அவற்றில் காற்றோட்டமாய், விரிந்த வெளியில் ஒலிப்பதுபோல் இருக்கும். தனி அறையும் அமைதியான இரவும் உள்ளவர்க்கு அவை மிகச் சிறந்தவை. ஆனால் அவற்றில் ஒலி வெளியே கசியும். வெளியோசையும் உள்ளே புகும். மூவர் படுக்கும் அறையில் நடுநிசியில் ஒருவர் போரிட, இருவர் உறக்கம் கெடுவது முறையா? மூடிய வகையே விடுதிக்கு ஏற்றது. அதிலும் இரண்டு உண்டு. காது முழுவதையும் மூடுவது ஒன்று; காதுக்குழிக்குள் செருகுவது மற்றொன்று. தில்லி போன்ற நகரின் மே மாத வெயிலில், மின்விசிறியும் நின்றுவிட்ட வேளையில், காதை மூடும் மெத்தை வேர்வைக் குளமாகிவிடும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு, கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு இடையில் நுழைந்து வழி திறந்துவிடும். அத்தகையோர் செருகும் வகையை நாடலாம். அதனோடு வரும் சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் முதலில் இருந்த முனையையே வைத்துக்கொண்டு, "கீழொலி இல்லை" என்று கருவியைக் குறை கூறுவர். முனை பொருந்தாவிட்டால் கீழொலியும் இராது, வெளியோசைக்குத் தடையும் இராது.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பையும் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் 'ஓம்' என்னும் அளவு இருக்கும். 16 முதல் 32 ஓம் வரை உள்ளவற்றைக் கையடக்கக் கருவி எளிதில் இயக்கும். 250, 300 ஓம் உள்ளவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் தனிப் பெருக்கி வைத்திருப்போர்க்கும் உரியவை. பெயருக்கு மயங்கி அவற்றை வாங்கினால், ஒலி மெலிந்து ஈனக்குரலாய்க் கேட்கும்.

இதுவரை சொன்னவை வசதியைப் பற்றியவை. இனிச் சொல்வதோ வாழ்நாளைப் பற்றியது. செவியால் பெறும் செல்வத்தைப் போற்றக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அந்தச் செல்வத்தை நாம் எப்படிக் காக்கிறோம்? உட்செவியில் ஒவ்வொரு புறமும் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை அவைதாம். பேரோசையால் அவை மடிந்தால், பறவைகளுக்கு மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட நெறி, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி. 86-ல் 10 மணி. 89-ல் 5 மணி. 89 டெசிபலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் விளையாடுபவர், வெள்ளிக்கிழமையோடு தம் வாரப் பங்கைத் தீர்த்துவிடுகிறார். விளையாட்டுகளுக்கென்றே தனி நெறி ஒன்றை 2025-ல் வெளியிட வேண்டிய நிலை வந்தது என்றால், அபாயம் எவ்வளவு என்பதை நீங்களே உணரலாம்.

இங்கேதான் ஹெட்போனின் வகை முக்கியமாகிறது. யாரும் வேண்டுமென்றே காதைக் கெடுத்துக்கொள்வதில்லை. மெட்ரோ வண்டியின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒலியைக் கூட்டுகிறோம். காதில் தொங்கிக்கொண்டிருக்கும், வெளியோசையைத் தடுக்காத இயர்போன் அந்த இரைச்சலோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. நன்றாகப் பொருந்தியதோ தாழ்ந்த ஒலியிலேயே வென்றுவிடுகிறது. ஆகவே பொருத்தம் என்பது சுகம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். ஆனால் சாலையைக் கடக்கும்போதும் ரயில் பாதையின் அருகிலும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

"இரைச்சலை அழிக்கும் ஹெட்போன்கள் இருக்கின்றனவே?" என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நல்லவை. வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978-ல் விமானப் பயணம் ஒன்றில் அந்த எண்ணத்தைக் கொண்டு, 1989-ல் விமானிகளுக்கான கருவியாக அதை வெளிக்கொணர்ந்தார். வெளியோசைக்கு நேரெதிரான அலையை எழுப்பி அதை அடக்குவதே முறை. மின்விசிறியின் ஓசை, வண்டிச் சக்கரத்தின் ஓசை போன்ற ஓயாத தாழ்ந்த ஒலிகளை அது நன்றாக அடக்கும். பக்கத்துக் கட்டிலில் நடக்கும் அரட்டையை அவ்வளவாக அடக்காது. தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் சென்னைக்குப் பயணம் செய்வோர்க்கு அது பெரிய உதவி. கையில் பணமிருந்து, இசையே முதன்மை என்று கருதுவோர் அதை வாங்குவதை நான் குறை கூறேன். ஆனால் அதில் கம்பி மாட்டும் துளையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளையாட்டுக்கு அது வேண்டும். காதுக்குள் செருகும் சிறு கம்பியில்லாக் கருவிகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றின் மின்கலம் ஆண்டுக்கு ஆண்டு தளரும்; பெரும்பாலானவற்றில் அதை மாற்ற வழியில்லை. கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்போனோ, கம்பி அறுந்தாலும் சிறு செலவில் மறுபிறவி எடுக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காதில் வைத்துப் பாராமல் காகிதத்தைப் பார்த்து வாங்குவதால்தான் நம்மவர் பணம் வீணாகிறது. ஆண்டின் தொடக்கத்தில், புது மாணவர் வந்து சேர்ந்தபின், ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். அவரவர் தம் ஹெட்போனைக் கொண்டுவரட்டும். முனைகளைத் துடைத்துவிட்டுப் பிறரும் கேட்டுப் பார்க்கட்டும். ஒரே பாட்டு, ஒரே விளையாட்டு, பல ஹெட்போன்கள். எது தம் காதுக்குத் தகும் என்பதை ஒவ்வொருவரும் தம் காதாலேயே அறிந்துகொள்வர். ஒலியளவைக் கைப்பேசியிலேயே வரம்பு கட்டி வைக்கும் முறையையும் மூத்தவர் இளையவர்க்கு அன்றே கற்றுக்கொடுக்கலாம்.

விளையாடுங்கள், பாட்டும் கேளுங்கள். வேண்டாமென்று சொல்ல இங்கு யாருமில்லை. விளையாடி முடித்த பிறகும் காதில் ரீங்காரம் நிற்காவிட்டால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஒலியைக் குறையுங்கள், காதுக்கு ஓய்வு கொடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெட்போன் பழுதானால் புதிது வாங்கிக்கொள்ளலாம். செவிக்கு அந்த வசதி இல்லை.