விளையாட்டு உலகம்: தோல்வியில் நின்றவர்

அமெரிக்கர் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். பக்கத்திற்கு 11 பேர். 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிடின் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். இவ்வாட்டத்தின் தொழில்முறைக் குழுக்களுள் ஒன்றான கிளீவ்லாந்து பிரவுன்ஸ், 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 ஆட்டங்கள் ஆடி, பதினாறிலும் தோற்றது. அக்குழுவின் கதையே இம்மாதம் நாம் சொல்லப் புகுவது.

ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில் அமைந்த தொழில் நகரம் கிளீவ்லாந்து. 1946-இல் ஆடத் தொடங்கிய இக்குழு, தன் முதற் பயிற்சியாளரான பால் பிரவுனின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தொடக்க காலத்தில் அதற்கு வெற்றிமேல் வெற்றி. 1964-இல் சூடிய வாகையோடு அந்தப் பொற்காலம் முடிந்தது. 1995-ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின், உரிமையாளர் தம் ஆட்டக்காரர்களைப் பால்டிமோர் நகருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். ஊர் விடவில்லை, வழக்காடியது. ஆட்டக்காரர் போயினர், பெயரும், நிறங்களும், பழைய வரலாறும் ஊரிலேயே தங்கின. 1999-இல் அதே பெயர் தாங்கிப் புதிய குழு களம் இறங்கிற்று. ஊரை விட்டு வந்தும் அதன் பெயரை விடாத நமக்கு, அம்மக்களின் மனம் எளிதில் விளங்கும்.

2016-ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்குழு வென்றது ஒரே ஓர் ஆட்டம். அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. எல்லாத் தோல்வியும் படுதோல்வி என்று எண்ணிவிடல் ஆகாது. முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் குழுவிடம் 18-க்கு 21 என்ற கணக்கில் தோற்றனர். டென்னசி குழுவிடம் தோற்றது கூடுதல் நேரத்தில், 9-க்கு 12. கிரீன் பே குழுவுடன் ஆடியபோது கடைசிக் கால்பகுதியில் 21-க்கு 7 என முன்னின்றவர்கள், கூடுதல் நேரத்தில் 21-க்கு 27 என ஆட்டத்தை இழந்தனர். டிசம்பர் 31-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்திலும், மீண்டும் பிட்ஸ்பர்க்கிடம், 24-க்கு 28. அன்று கடைசி நிமிடங்களில் கைக்கு வந்த பந்து நழுவி விழுந்தது. பந்தெறியும் பெரும்பொறுப்பை ஏற்றிருந்த டெஷோன் கைசர் 21 வயதுப் புதியவர். அவர் எறிந்த பந்துகளுள் 22-ஐ எதிரிகள் பறித்துக்கொண்டனர். பருவம் முழுவதும் குழு ஈட்டிய புள்ளிகள் 234, கொடுத்தவை 410.

இத்தகைய வீழ்ச்சி ஏன் நேர்ந்தது? அந்நாட்டுச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கல்லூரிகளிலிருந்து புதிய ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுக்கும்போது, கடைசி நிலையில் உள்ள குழுவுக்கே முதல் உரிமை. மெலிந்தவன் நிமிர வேண்டும் என்னும் நல்ல எண்ணத்தில் பிறந்த விதி அது. ஆனால் அவ்வுரிமையைப் பிற குழுக்களுடன் மாற்றிக்கொள்ள இயலும். பிரவுன்ஸ் நிருவாகிகள் அனுபவம் மிக்கவர் பலரை விடுத்து, வருங்காலத் தெரிவுரிமைகளைச் சேர்த்து வைத்தனர். 2016-இல் தம் கையிலிருந்த இரண்டாம் உரிமையைப் பிலடெல்பியாவுக்கும், 2017-இல் 12-ஆம் உரிமையைக் ஹூஸ்டனுக்கும் கொடுத்தனர். அவற்றைக் கொண்டு அக்குழுக்கள் தெரிந்தெடுத்த கார்சன் வென்ட்ஸ், டெஷான் வாட்சன் இருவரும் பந்தெறிவதில் விரைவிலேயே பெயர் பெற்றனர். கிளீவ்லாந்திற்கு இல்லாத குறையும் அதுவே.

வருங்காலத்திற்காக இன்றைய இன்பத்தைத் துறப்பது தவறன்று. நம் குடும்பங்கள் அதை நன்கு அறியும். ஆனால் நாம் துறப்பது நம்முடையதை. இங்கோ திட்டம் தீட்டியவர் ஒருவர். அடி வாங்கியவர் வேறொருவர். ஆட்டக்காரனின் தொழில் வாழ்வு சில ஆண்டுகளே. நாளைய வெற்றிக்காக இன்று தோற்கச் சொன்னால், அந்த நாளை வரும்போது அவன் களத்தில் இரான்.

2018 சனவரி 6-ஆம் நாள், கடுங்குளிரில், ரசிகர்கள் திரளாகக் கூடி அரங்கைச் சுற்றி ஊர்வலம் வந்தனர். அவர்கள் நடந்த வழி பெரியதொரு சுழி. வெற்றி எண்ணிக்கையும் அதுதானே! இதனை ஏளனம் என்று ஆட்டக்காரர் சிலர் வருந்தினர். எனினும் அவ்வூர்வலம் பசித்தோர்க்கு உணவளிக்கும் நிலையத்திற்குப் பொருள் திரட்டித் தந்தது. அன்பில்லாதவன் குளிரில் நடந்து வந்து கேலி செய்யமாட்டான் என்பது நம் கருத்து.

இத்தனைக்கும் நடுவில் நம் நெஞ்சில் நிற்பவர் ஜோ தாமஸ். 2007-இல் அவரை இக்குழு தெரிந்தெடுத்த நாளில், அவர் நியூயார்க் விழாவிற்குப் போகாமல் மிச்சிகன் ஏரியில் தந்தையுடன் மீன்பிடித்துக் கொண்டிருந்தார். அவர் பணி, பந்தெறிபவரின் இடப்புறத்தைக் காப்பது. வலக்கையால் எறிபவர்க்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாது. தாக்க வருவோரை அங்கே தடுத்து நிறுத்த வேண்டும். பந்து அவர் கைக்கு வருவதே அரிது. பணி செவ்வனே நடந்தால் ஒருவரும் நோக்கார். ஒரு முறை தவறினால் அரங்கமே நோக்கும்.

அவர் காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் 6 பேர் மாறினர். பந்தெறிவோராய்க் களம் இறங்கியவர் 20 பேர். மாறாது நின்றவர் அவர். தோல்வி உறுதியான பின்னும், பருவத்தின் பயனற்ற கடைசி ஆட்டத்திலும், அவர் ஒரு முறைகூட வெளியே போய் அமரவில்லை. 2017 அக்டோபர் 22-ஆம் நாள் கைத்தசை கிழிந்து களம் நீங்கும் வரை, தொடர்ந்து 10,363 முறை பந்து ஆட்டத்திற்கு விடப்பட்டபோது அவர் தம் இடத்தில் இருந்தார். 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றார். 11 ஆண்டுகளில் இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இரவு, ஆட்டத்தின் இடைவேளையில், சிறந்தோர் பெயர்களைத் தாங்கிய அரங்கின் வரிசையில் 10,363 என்னும் எண்ணைப் பொறித்துப் பெருமைப்படுத்தினர். அன்றிரவே நியூயார்க் ஜெட்ஸ் குழுவை 21-க்கு 17 எனப் பிரவுன்ஸ் வென்றது. 635 நாட்களுக்குப் பின் கிடைத்த வெற்றி அது. 2023-இல் தாமஸின் பெயர் அவ்வாட்டத்தின் புகழ்மன்றத்திலும் ஏறியது.

அவர் வென்ற ஆட்டங்களை அவ்வூர் எண்ணவில்லை. நின்ற முறைகளை எண்ணியது. நம் இல்லங்களிலும் பணியிடங்களிலும், பிறர் கண் படாத பக்கத்தைக் காத்து நிற்போர் உளர். அவர்கள் நின்ற முறைகளை நம்மில் யார் எண்ணி வைத்திருக்கிறோம்?