வெண்ணெற்றி மீன்

போன ஞாயிறு கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்குப் போனவன், ஒரே தொட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன். வாலில் இரண்டு வெள்ளை வளையங்கள், மூக்கிலிருந்து முதுகுக்கு ஏறும் வெள்ளைக் கோடு, ஒற்றை நாமம் இட்டதுபோல. தொட்டியில் கிடந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் அது வாலை முன்னே விட்டுப் பின்பக்கமாகவே நீந்தி நுழைந்தது. எங்கும் இடிக்கவில்லை. உடம்பு விறைப்பாக அப்படியே இருக்க, அடிவயிற்றில் ஓடும் நீளத் துடுப்பு மட்டும் காற்றில் சேலைக்கரை போல நெளிந்தது.

“பிளாக் கோஸ்ட் சார். பகல்ல வெளியவே வராது” என்றார் கடைத் தம்பி.

வியாபாரப் பெயரில்தான் பேய். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766-இல் இட்ட ‘ஆல்பிஃப்ரான்ஸ்’ என்ற அறிவியல் பெயருக்கு வெண்ணெற்றி என்று பொருள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. நம் குளத்துச் சொட்டைவாளையும் இதே கத்தி வடிவம்தான், ஆனால் உறவில்லை. மின்விலாங்குதான் இதற்குப் பங்காளி.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ ஆறுகளில் போய்ச் சேரும், மணல் படிந்த, இழுப்பு மிகுந்த காட்டோடைகள். பகலெல்லாம் வேர்களின் இடுக்கிலும் சருகுக் குவியலிலும் ஒண்டிக் கிடக்கும். இருட்டிய பிறகு புழுவும் பூச்சிக்குஞ்சும் தேடி வெளியே வரும். அந்த இருட்டில் கண்ணால் பெரிய பயன் இல்லை. வாலை ஒட்டிய மின்னுறுப்பு வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை மெல்லிய மின்துடிப்பை விட்டுக்கொண்டே இருக்கிறது, தூக்கத்திலும்கூட. நம் கைக்கு அது உறைக்காது. மீனைச் சுற்றி உருவாகும் அந்த மின்புலத்தில் ஒரு கல் இருந்தால் ஒருவிதமாகவும், உயிருள்ள புழு இருந்தால் வேறுவிதமாகவும் மாற்றம் தெரியும். தோல் முழுக்கப் பரவியிருக்கும் ஆயிரக்கணக்கான உணர்விகள் அதைப் படித்துவிடும். உடம்பை வளைத்தால் புலமும் கலையும். அதனால்தான் அந்த விறைப்பு. குழாய்க்குள் இடிக்காமல் பின்பக்கமாகப் போனதன் சூட்சுமமும் இந்த மின்னுணர்வுதான். அருகில் இன்னொரு மீன் வந்து இரண்டின் துடிப்பும் குழம்பினால், தன் துடிப்பின் வேகத்தையே மாற்றிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் ஓடை பொங்கிக் காட்டுக்குள் ஏறும். நீரில் கரைந்த உப்புகளின் அடர்த்தி குறையும். இந்த இன மீன்களுக்கு அதுவே முட்டையிடும் காலத்தின் அறிகுறி. 1970-களில் பிராங்க் கிர்ஷ்பாம் என்ற ஆய்வாளர் இதன் உறவுக்கார மீன்களை வைத்து இதைச் சோதித்தார். தொட்டி நீரின் உப்பைக் குறைத்து, மட்டத்தை உயர்த்தி, மேலிருந்து மழைபோல நீர் தெளித்தார். மீன்கள் சினைப்பட்டன. ஊர் மழையை ஆய்வகத் தொட்டிக்குள்ளும் அவை அடையாளம் கண்டுகொண்டதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இன்று கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் இந்தோனேசியப் பண்ணைகளில் பிறந்தவை. ஓடையைப் பார்க்காத மீனுக்கும் ஓடையின் தேவைகள் அப்படியே இருக்கின்றன. விரல் நீளத்தில் வாங்குவது அரை மீட்டர் வரை வளரும். வாங்க நினைப்பவர்கள் பெரிய தொட்டி, மங்கிய வெளிச்சம், மணல் தரை, உடம்பு முழுதும் அடங்கும் ஒரு குழாய் இவற்றுக்கு வழி செய்துவிட்டு வாங்குங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.