நம் பிள்ளையின் பக்கத்தில் அமர்வது யார்?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடந்தால், தொடர்மாடி வீடுகளின் படிகளில் ரியூசன் ஆசிரியர்கள் ஏறி இறங்குவதைக் காணலாம். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைக்குக்கூட, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று வீட்டுக்கே வந்து எழுத்தும் எண்ணும் பழக்குகிறார்கள். அந்த வீடுகளில் கதவைத் திறந்துவிட்டு, ஆசிரியருக்குத் தேநீர் வைப்பவர் பல வேளைகளில் நம் தோட்டத்துப் பெண்தான்.

அப்படி வேலைக்குப் போய், திருவிழாவுக்கு லயத்துக்கு வந்திருந்த ஒரு சகோதரி நம்மிடம் சொன்னதை இங்கே பதிகிறோம். அவர் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு ‘ட’வும் ‘ப’வும் குழம்புமாம். ஆசிரியை பக்கத்தில் இருந்து அந்த இரண்டு எழுத்தையே நாலு நாள் எழுத வைத்தார். ஐந்தாம் நாள் பிள்ளை தெளிந்துவிட்டது. சகோதரியின் சொந்த மகன் மூன்றாம் தரத்தில் படிக்கிறான். அவனுக்கு அதே குழப்பம் இன்னும் தீரவில்லை. அதைக் கவனிக்க அவன் பக்கத்தில் யாரும் இல்லை என்று சொல்லி அவர் கண் கலங்கினார்.

அந்த ஆசிரியை மந்திரம் எதுவும் செய்யவில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்த்தார். அந்த இடத்திலேயே நின்று திருத்தினார். ஒரு பிள்ளைக்கு ஒருவர் இருந்தால்தான் அது சுலபம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழமையான வகுப்பில் படித்தோரில் 98 சதவீதமானவர்களை விட முன்னே நின்றார். பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் தனிக் கவனிப்பால் பிள்ளை முன்னேறும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் கொடுத்தது. 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் புறம்பாகவே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றும் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்தும் பாடசாலைகள் நம்மிடையே உண்டு. அந்த ஆசிரியரை நாம் குறை சொல்லவில்லை. ‘ட’வில் தடுமாறும் பிள்ளையின் கொப்பியை அவர் தனியாகப் பார்க்க நேரம் ஏது?

முதலாம் தரத்தில் விட்ட எழுத்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பெரிய பள்ளமாகத் தெரிகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எட்டாம் தரத்தில் பாடசாலை கசக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் லயத்துக்கு வருகிறார். கொட்டாஞ்சேனையில் கடை, வெள்ளவத்தையில் வீடு என்று ஆசை காட்டுகிறார். கட்டாயக் கல்வி வயது 16 என்பதும், 2021 இன் சட்டத் திருத்தம் வேலைக்கான குறைந்தபட்ச வயதையும் 16 ஆக்கியதும் அவருக்குத் தெரியாததல்ல. இன்னொருவர் பிள்ளை படிக்கும் மேசையைத் துடைக்க நம் பிள்ளை போய்ச் சேர்கிறது.

2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அரைப்பேர் விழும் வீட்டில் அந்தக் காசில் தனி ரியூசன் நினைக்க முடியாது. ஆனால் காசு இல்லாமலும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் அமரலாம். தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அதற்கு ஒரு வழி காட்டியது. கொரோனாவால் படிப்பு இழந்த பிள்ளைகளுக்கு அவரவர் ஊர்த் தன்னார்வலர்களே, பெரும்பாலும் பெண்கள், மாலையில் படிப்பித்தார்கள்.

நம் தோட்டங்களிலும் சாதாரண தரம், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அவர்களைத் தேடிப் பேசுங்கள். ஒருவர் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாலையில் அரை மணி நேரம் தனியாகக் கொடுத்தால் போதும். பிள்ளைக் காம்பராவை மாலையில் திறந்துவிடும்படி நிர்வாகத்திடம் சங்கம் எழுத்தில் கேட்கும், வெளிச்சமும் கேட்கும். பெற்றோரே, உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த இடத்தில் நின்று விழிக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இது அரசின் வேலையைச் சங்கம் தலையில் சுமப்பதாகாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியரைத் தா என்ற கோரிக்கையில் ஒரு சொல்லைக்கூட நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் சம்பளப் பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்; ஆறு வயதுப் பிள்ளையின் வயதைத் தள்ளிப்போட முடியாது. கோரிக்கை நடக்கட்டும். அதுவரை இன்று மாலையே ஒரு பிள்ளையின் பக்கத்தில் நம்மில் ஒருவர் அமர்வோம்.