செருப்பைக் கழட்டுற கை செல்போனையும் பைக்குள்ள போடக்கூடாதா?

வெள்ளகவிக்கு யாரு போயிட்டு வந்து வீடியோ போட்டாலும் ஒரே திரைக்கதைதான். வட்டக்கானல்ல கிளம்பி, டால்பின் நோஸ் பாறை நுனியில ஒரு செல்ஃபி. ஊர் எல்லை ஆலமரத்துகிட்ட பயபக்தியா செருப்பைக் கழட்டுற ஷாட். அடுத்த நொடியே திண்ணையில உட்கார்ந்திருக்கிற பாட்டி முகத்துக்கு நேரா கேமரா! தலைப்புல கண்டிப்பா 'மர்மம்' இருக்கும். என்னய்யா மர்மம்? ஊரையே கோயிலா நினைக்கிறாங்க, அதனால உள்ள செருப்பு போடுறதில்ல. அவ்ளோதான் மேட்டர்.

மதுரை மீனாட்சி கோயில்ல 2018 தீ விபத்துக்கு அப்புறம் செல்போனை வாங்கி வச்சுட்டுதான் உள்ள விடுறாங்க. 2022 டிசம்பர்ல எல்லா கோயில்லயும் தடை போடச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. கீழ பழனியிலயும் 2023 அக்டோபர்ல இருந்து தடை வந்தாச்சு. அங்கெல்லாம் நம்மாளு சத்தமில்லாம வரிசையில நின்னு டோக்கன் வாங்குறான். வெள்ளகவியில கவுண்டர் இல்ல, டோக்கன் இல்ல, போர்டு இல்ல. அதனால வீட்டு வாசல், சாமி, குளிச்சிட்டு வர்ற பொம்பளைங்கன்னு சுட்டுத் தள்ளலாமா? போர்டு இல்லேன்னா அனுமதின்னு எவன் சொன்னான்?

"வீடியோ போட்டாதானே பாஸ் ஊர் கஷ்டம் வெளிய தெரியும்"னு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க. ஒத்துக்கறேன். தலைமுறை தலைமுறையா நோயாளியை டோலி கட்டித் தூக்கிட்டுப் போன ஊரு அது, குதிரை முதுகுல சாமான் ஏத்துன ஊரு. அந்தக் கஷ்டத்தைக் கேட்டு, ஒரு வார்த்தை அனுமதி வாங்கிட்டு எடுங்க, யாரு வேணாம்னா? நான் பார்த்த வீடியோக்கள்ல டோலிக்குப் பத்து செகண்ட், ட்ரோன் ஷாட்டுக்கு ரெண்டு நிமிஷம்.

இன்னொரு கூத்து பேட்டரி. காலையில இருந்து வீடியோ எடுத்துத் தீர்த்துட்டு, கும்பக்கரை இறக்கத்துல கால் பிசகுனா யாரைக் கூப்பிடுவீங்க? காட்டுக்குள்ள டவர் தேடித் தேடியே போன் பாதி சார்ஜைத் தின்னுரும். பொட்டி தட்டுறவன் சொல்றேன், கேளுங்க: ஃபிளைட் மோடுல போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது சாட்டிலைட் சிக்னலை வாங்குறது மட்டும்தான், அதுக்கு டவரே தேவையில்ல. மேப்பை ரூம்லயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. உங்க கம்பெனி சிக்னல் இல்லேன்னாலும் 112 அடிச்சுப் பாருங்க, வேற கம்பெனி டவர் எட்டுனா அது வழியா போக வாய்ப்பிருக்கு. பேச முடியாத இடத்துலயும் சில நேரம் எஸ்எம்எஸ் போயிடும். ஆனா இதுக்கெல்லாம் போன்ல உசுரு இருக்கணும்ல?

அப்புறம் அந்த ரெண்டு காதுலயும் ஹெட்போன்! ஒத்தையடிப் பாதையில பின்னாடி மூட்டையோட குதிரை வந்தா, ஒதுங்க வேண்டியது நீங்கதான், குதிரை இல்ல.

டிஸ்கி: பெட்ரோல் பங்க்ல 'செல்போன் பயன்படுத்தாதீர்'னு போர்டு, அதுக்குக் கீழயே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு. அதை வேணா வீடியோ எடுத்துப் போடுங்க, அதுதான் மர்மம் :-)