முயலுக்குப் புல்லே மருந்து

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நாம் அறிவோம். முயலுக்குக் காரட்டே உணவு என்று சாதிப்பதும் அவ்வகையே. படக்கதையில் பார்த்ததை நம்பிக் காரட், ரொட்டி, பிஸ்கட் என்று அன்பு மேலிட ஊட்டுகிறோம். சில மாதங்களில் முயல் உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. ‘தீவுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்த பிறகே, கடைவாய்ப் பல்லின் ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்துவது தெரிந்தது. குற்றம் காற்றினுடையது அல்ல, எங்களுடையது.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். அதே நார்தான் குடலையும் இயக்குகிறது. பல் வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. அரை நாள் பட்டினி கிடந்தாலே அது ஆபத்து. ‘நாளை பார்க்கலாம்’ என்பது அதற்குப் பொருந்தாது.

உலர்ந்த திமோதிப் புல்லே சிறந்தது என்று நூல்கள் சொல்கின்றன. அது நமக்குக் கடல் கடந்துதான் வரவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் பிரித்த பை விரைவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த புல்லைப் போடுவதைவிடப் போடாமலிருப்பது மேல். ஆனால் நம் வாசலிலேயே அருகம்புல்லும் கினிப்புல்லும் வளர்கின்றனவே! சாலையோரத்திலும் சாக்கடையோரத்திலும் பறிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் நமக்குப் புதிதல்ல. புல்லை நன்றாகக் கழுவி, நீர் வடியவிட்டுப் போடுங்கள். உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்கட்டும். மிச்சம் கொத்தமல்லி, புதினா போன்ற கீரையும் சிறிதளவு தீவனக் குருணையும் போதும். காரட் என்றாவது ஒரு துண்டு, அவ்வளவே.

நோய் நிலைத்துவிட்ட முயலுக்குப் பொறுமை வேண்டும். புல்லைப் பொடியாக நறுக்குங்கள். தானாகத் தின்னாத நாளில், மருத்துவர் சொன்ன அளவில், குருணையை வெந்நீரில் குழைத்து ஆறவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். வயிறு உப்பி இறுகியிருந்தால் ஊட்டாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். புழுக்கை சிறுத்தாலும் குறைந்தாலும் அதுவே முதல் எச்சரிக்கை. நகவெட்டியால் பல்லை நறுக்காதீர்கள், பல் பிளந்துவிடும். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலினைக் கொடுக்காதீர்கள். வாய்வழி கொடுத்தால் அது முயலின் குடலைக் கெடுத்து உயிரையே பறிக்கலாம்.

பிள்ளைகள் கேட்டார்கள் என்று முயல் வாங்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். அது பொம்மையன்று, நன்கு பேணினால் எட்டுப் பத்து ஆண்டுகள் நம்மோடு வாழும் உயிர். அத்தனை நாளும் புல் பறிக்க ஆளுண்டா என்று முதலில் வீட்டில் பேசுங்கள். ஆளில்லையென்றால் வாங்காதிருப்பதே அன்பு. வலித்தாலும் முயல் பெரும்பாலும் கத்தாது. அதற்காக நாம்தான் கவனிக்க வேண்டும்.