பாட்டுத் திருட்டும் கம்பெனிகளின் புத்தியும்

1999-ல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்ற இணைய ஏற்பாடு கிளம்பி, ஜனங்கள் தங்கள் கணிப்பொறியிலுள்ள பாட்டுகளை ஒருவருக்கொருவர் காசில்லாமல் மாற்றிக்கொள்ள ஆரம்பித்ததும், இசைத்தட்டுக் கம்பெனிகள் “திருட்டு, திருட்டு” என்று கூச்சலிட்டன. திருட்டுதான், அது யோக்கியமான காரியமென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் வேண்டிய ஒரு பாட்டுக்காக வேண்டாத பத்துப் பாட்டுகளையும் ஜனங்கள் தலையில் கட்டி விலை வாங்கியது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

2001-ல் கோர்ட்டு உத்தரவினால் நாப்ஸ்டர் அடங்கியது. திருட்டு அடங்கியதா? வேறு பல வாசல்கள் திறந்தன. 2003-ல் கம்பெனிகளின் சங்கம் தனி ஆட்கள் மேலேயே வழக்குத் தொடுத்தது. நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் சிக்கி, அவள் தாயார் 2,000 டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. வாடிக்கைக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்து வியாபாரத்தை வளர்க்கப் பார்த்த மேதாவிகள் இவர்கள்!

அதே வருஷம் ஆப்பிள் கம்பெனி பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் என்று தனித்தனியாய் விற்றது. முதல் வாரத்திலேயே 10 லட்சத்துக்கு மேல் விலை போயிற்று. ஜனங்களுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்ற புளுகு அன்றே வெளுத்தது.

இன்று மாதச் சந்தாவுக்கு வேண்டியமட்டும் கேட்கலாம். ஆனால் ஒரு தடவை கேட்டால் வருவது ஒரு சென்ட் கூட இல்லை. அதிலும் கம்பெனி எடுத்தது போக மிச்சந்தான் பாடினவனுக்கு. இந்தக் கணக்குக்குக் கம்பெனிகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன?